கேளாமல் போட்ட மறுப்பு

“இன்ஷிரா, ஒனக்கு நான் ஒரு மறுப்புப் போடட்டா?”

“போடுகா. எதப்பத்திப் போடப்போறாய்?”

“குழு வேலையில கெட்டிக்காரப் புள்ள மட்டும்தான் கதைக்கும் எண்டு போடவா?”

“அது வேணாம். அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல. நேரம் காணாது எண்டு போடு. நேரத்துக்கு நல்ல மறுமொழி ஒண்டு வச்சிரிக்கன்.”

“சரி, நேரம் காணாது. நீ எனக்கு என்ன போடுறாய்?”

“வகுப்பில சத்தம் கூடும் எண்டு போடுறன். கோவிப்பியா?”

“நான் ஏன்கா கோவிக்கிற? நீ போடாட்டித்தான் கோவம்,” என்றாள் நஸ்லின்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவின் இணையவழிக் கலந்துரையாடல் மன்றம், இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு வரும். ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பு அனுபவம் ஒன்றை எழுத வேண்டும். பிறகு இன்னொருவர் எழுதியதை வாசித்து, மறுத்தோ கேள்வி கேட்டோ ஒரு பதில் போட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஆனால் கல்யாண வீட்டிலும் சாவு விழுந்த மையத்து வீட்டிலும் முகம் பார்க்க வேண்டியவர்கள், ஐம்பத்து நான்கு பேர் பார்த்திருக்க ஒருவரையொருவர் எப்படி மறுப்பது? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. முதலில் போனில் ஒரு கோல். சம்மதம் கிடைத்த பிறகு மறுப்பு. மறுப்புக்கு நன்றி. நன்றிக்கு ஒரு துஆ. நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு கஞ்சிக் கோப்பை மாற்றிக்கொள்வது போல மறுப்புகளை மாற்றிக்கொண்டார்கள். எந்தக் கோப்பையும் வெறுமையாகத் திரும்பவில்லை.

மட்டக்களப்பிலிருந்து மன்றத்தை நடத்திய விரிவுரையாளர் கிருசிகா நான்கு தலைப்புவரை பொதுவாக எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தலைப்பான ‘வாசிப்பில் பின்தங்கிய மாணவர்’ வந்தபோது கீழே ஒரு குறிப்பும் வந்தது.

“இதுவரை இந்த மன்றத்தில் உண்மையாகவே யாரும் யாரோடும் கருத்து வேறுபட்டதாகத் தெரியவில்லை. இம்முறை யாருக்கு யார் பதிலெழுத வேண்டும் என்பதை நானே தருகிறேன். பதிலில் உங்கள் சொந்த வகுப்பிலிருந்து சான்று இருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் புள்ளி இல்லை. பதில்கள் வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும்.”

பட்டியலில் நஸ்லினின் பெயருக்கு எதிரே இருந்த பெயர் பாத்தும்மா.

“அல்லாட காவல்,” என்றாள் இன்ஷிரா போனில். “ஒனக்குக் கிடைச்ச ஆளப் பாரு.”

பாத்தும்மா டீச்சர் நஸ்லினின் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பப் பிரிவுக்குப் பகுதித் தலைவர். ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு வீட்டிலிருந்தபடியே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவர். இப்போது தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான நஸ்லினோடு ஒரே டிப்ளோமாவில் இருந்தார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நஸ்லினின் கற்பித்தற் பயிற்சிப் படிவம் அவருடைய மேசையில் கிடந்தது. பள்ளிக்கூட அதிபர்தான் ஒப்பமிட வேண்டும். ஆனால் பகுதித் தலைவரின் ஒப்பம் விழுந்தால்தான் அதிபரின் பேனை திறக்கும். அடுத்த புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு முன் அதிபரின் ஒப்பத்தோடு படிவம் இணையவழி போய்ச்சேர வேண்டும். பாத்தும்மாவின் படிவத்தை அதிபர் நேரே பார்ப்பார். அதில் நஸ்லினுக்கு வேலை இல்லை.

நஸ்லினுக்கு இது மூன்றாவது வருடம். முதல் வருடம் கடைசிப் பிள்ளையின் பிரசவத்தோடு போனது. இரண்டாவது வருடம் உம்மாவின் சத்திரசிகிச்சையோடு போனது. மூன்று வருடத்தோடு பதிவு காலாவதியாகிவிடும். பரீட்சை எழுத மன்றத்தில் நாற்பது புள்ளி வேண்டும். அவளிடம் முப்பத்தாறு இருந்தது. நான்காவது தலைப்புக்கு அவள் போட்ட பதிலின் கீழே, “கேள்வி நன்று. உங்கள் வகுப்பு எங்கே?” என்று கிருசிகா எழுதி ஒரு புள்ளி மட்டும் தந்திருந்தார். இது கடைசித் தலைப்பு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை பாத்தும்மா தன் அனுபவத்தைப் போடவில்லை. மூன்று பத்துக்குப் போட்டார். நஸ்லின் அடுப்பில் இருந்த கறியை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

“சென்ற வருடம் என் இரண்டாம் வகுப்பில் இருபத்தெட்டு மாணவர். குழுத் தலைவர் முன்னின்று வாசிக்க, ஏனையோர் தொடர்ந்து வாசிக்கும் முறையைக் கையாண்டேன். வருட இறுதியில் இருபத்தெட்டுப் பேரும் பாடநூலைத் தடங்கலின்றி வாசித்தனர். வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையும் என் வகுப்பிலிருந்து மேலே போகவில்லை.”

அந்த இருபத்தெட்டுப் பிள்ளைகளும் இப்போது மூன்றாம் வகுப்பில் நஸ்லினிடம் இருந்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு வாசிக்கத் தெரியாது. அந்த ஏழு பெயரும் அவளுடைய குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில், பென்சிலால், யாரும் பார்த்தால் அழித்துவிடலாம் என்ற நினைப்பில் எழுதப்பட்டிருந்தன.

அவள் பாத்தும்மாவுக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். நான்கு தடவை.

“டீச்சர் சம்மாந்துறைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டா,” என்றாள் போனில் இன்ஷிரா. “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களோட நிப்பா. போன் எங்க கேக்கப்போகுது?”

“நான் இப்ப என்னகா செய்யிற?”

“சும்மா ஒரு கேள்வி போடு. வராத புள்ளயளுக்கு என்ன செய்தீங்க எண்டு.”

“சான்று கேக்கிறாங்களே. என்ட வகுப்பில இருந்து.”

“ஒன்ட வகுப்பில என்ன இரிக்கி?”

நஸ்லின் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

“என்னகா, லைன் போயிட்டா?”

“என்ட வகுப்பில அவட வகுப்புத்தான் இரிக்கி.”

பர்ஸான் கடற்கரையில் இயந்திரப் படகொன்றின் மோட்டாரைக் கழற்றிப் பூட்டிவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு வந்து வாசலில் நின்றான். மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

“ஆருக்கும் ஏலாமப் போயிட்டா, காய்ச்சலா?”

“இல்ல. அஞ்சு மணிக்கு மன்றத்தப் பூட்டுறாங்க.”

“பூட்டட்டும். கள்ளன் வராம இரிக்கும்.”

“பகிடி உடாதீங்க. பாத்தும்மா டீச்சர மறுத்து எழுதணும். அவ போன் எடுக்கிறா இல்ல.”

“நீ எழுதப்போறது உண்மையா பொய்யா?”

“உண்மைதான்.”

“அப்ப என்னத்துக்குப் பயப்படுறாய்?”

“பொய்யெண்டா பயம் இல்லையே,” என்றாள் நஸ்லின்.

நாலரைக்கு எழுதத் தொடங்கினாள். முதலில், “டீச்சர் கையாண்ட முறை மிகவும் பயனுள்ளது” என்று எழுதினாள். அழித்தாள். “எனக்கு ஒரு சிறு சந்தேகம்” என்று எழுதினாள். அதையும் அழித்தாள். நாலு நாற்பத்தெட்டுக்கு இப்படிப் போட்டாள்: “இந்த மாணவர் இருபத்தெட்டுப் பேரும் இவ்வருடம் என் வகுப்பில் உள்ளனர். அவர்களில் ஏழு பேர் தெரியாத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் வாசிக்க மாட்டார்கள். பாடநூலைப் பார்த்து அவர்கள் சொன்னது மனப்பாடம். டீச்சர் அவர்களின் வாசிப்பை எந்தப் பக்கத்தைக் கொண்டு சோதித்தார் என்பதை அறிய விரும்புகிறேன்.”

போட்ட கையோடு, திருத்தலாமா என்று பார்த்தாள். திருத்தும் பொத்தான் இருந்தது. ‘ஏழு’ என்பதைச் ‘சிலர்’ என்று மாற்றலாம். ஆனால் சிலர் என்பது சான்று ஆகுமா? விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. கடைசிப் பிள்ளை தொட்டிலில் எழும்பி அழுதது. பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடம். பொத்தான் இல்லை.

அனுபவத்தை எழுதியவர் மறுமொழி சொல்வதற்கு மட்டும் புதன்கிழமை வரை வழி திறந்திருந்தது.

சனிக்கிழமை காலை இன்ஷிரா கோல் எடுத்தாள்.

“நாப்பத்தொம்பது பேர் பாத்திரிக்காங்க.”

“டீச்சர் பாத்தாவா?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? ஒருத்தரும் ஒண்டும் எழுதல்ல. நன்றிகூட ஒருத்தரும் போடல்ல. மன்றம் மையத்து ஊடு மாதிரிக் கிடக்கு.”

“நீ ஏதாவது எழுதன்கா.”

“நானா? எனக்கும் ஆறு மாசத்தில அவட கையெழுத்து வேணும். இடமாற்றம் கேட்டிரிக்கன் ஒங்கட பள்ளிக்கூடத்துக்கு.”

நஸ்லின் அன்று பாத்தும்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதினாள். எதற்கு மன்னிப்பு என்று எழுதும் இடத்தில் நின்றுபோனாள். பிழையாக எழுதியதற்கா? பிழை இல்லையே. சொல்லாமல் எழுதியதற்கா? சொல்லத்தானே நான்கு தடவை எடுத்தாள். அந்த நான்கு தவறிய அழைப்புகளும் அங்கே, அந்தப் போனில் கிடக்கும். செய்தியை அனுப்பாமலே விட்டாள்; அந்த அழைப்புகளுக்கும் பதில் வரவில்லை. ஞாயிறு முழுக்கப் போன் மணி அடித்தபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தாள். மோட்டார் திருத்தக் கேட்டு பர்ஸானைத் தேடியவர்கள்தான்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் வரவுப் புத்தகத்துக்கு முன்னால் இருவரும் சந்தித்தார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்.”

“வஅலைக்கும் முஸ்ஸலாம்.”

ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னார். ஒப்பமிட்டு, நேரத்தை எழுதி, பேனையை அவளிடம் நீட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் பாடவேளையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் சில தாள்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வரிகள், கையால் எழுதியவை.

“ரெண்டு ரெண்டு புள்ளயா அனுப்பு.”

“ஏழு பேரையுமா டீச்சர்?”

“ஏழு எண்டு நீ சொன்னாய். நான் சொல்லல்ல. எல்லாரையும் அனுப்பு.”

விறாந்தையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டு இரண்டாகப் போனார்கள். நஸ்லின் கரும்பலகையில் பெருக்கல் எழுதிக்கொண்டே காது முழுவதையும் வாசலுக்குக் கொடுத்தாள். ஒரு பிள்ளை கடகடவென்று வாசித்தது. ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டியது. ஒரு பிள்ளையின் சத்தமே கேட்கவில்லை. பாத்தும்மாவின் சத்தம் மட்டும் ஒரே அளவில் கேட்டது: “சரி மகள். போங்க. அடுத்த ஆள்.” அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா என்று எவ்வளவு கூர்ந்து கேட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை. நாலு எட்டு முப்பத்தி நாலு என்று பலகையில் எழுதியிருந்தாள். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் அழித்தாள்.

திங்கள் பதினாறு பேர். செவ்வாய் பன்னிரண்டு பேர். கடைசிப் பிள்ளை உள்ளே வந்ததும் பாத்தும்மா கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய் அஸர் தொழுகைக்குப் பிறகு இன்ஷிரா கோல் எடுத்தாள். அவள் குரலே சரியில்லை.

“மன்றத்தப் பாத்தியா?”

“இல்ல. என்ன?”

“நீ பாரு. நான் வாசிக்க மாட்டன்.”

நஸ்லின் பார்த்தாள். மூன்று வரி.

“என் பதிவில் இருபத்தெட்டு என்று எழுதியது தவறு. நான் சோதித்தது அவர்களுக்குப் பழகிய பக்கத்தைக் கொண்டு. நஸ்லின் டீச்சர் எழுதியதும் தவறு. ஏழு அல்ல, ஒன்பது.”

ஐம்பத்து நான்கு பேரும் பார்க்கும் இடத்தில்.

புதன்கிழமை எட்டு மணிக்கு நஸ்லின் பகுதித் தலைவரின் அறை வாசலில் நின்றாள். மேசையில் அவளுடைய படிவம் தெரிந்தது. ஒப்பமிடும் இடம் வெள்ளையாகக் கிடந்தது.

“டீச்சர், ஆர் அந்த ரெண்டு பேர்?”

“எத்தின மாசமா அந்தப் புள்ளயள் ஒன்னட்ட இரிக்காங்க?”

“ஏழு மாசம்.”

“ஏழு பேரையும் எப்ப கண்டாய்?”

நஸ்லின் நிலத்தைப் பார்த்தாள். “மூணு மாசத்துக்குப் பொறகு.”

“எப்பிடிக் கண்டாய்?”

“ஒரு புள்ள பன்னிரண்டாம் பக்கத்தத் திறந்து வச்சிக்கிட்டுப் பதினஞ்சாம் பக்கத்தச் சொன்னான். விரல் வரியில ஓடுது. ஒரு சொல் பிழை இல்ல. ஆனா பக்கம் வேற.”

பாத்தும்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அவரும் தூங்கவில்லை போலும்.

“ஓதப்பள்ளியில குர்ஆனக் காதால கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிற புள்ளயள். ஒருக்காச் சொன்னாப் புடிச்சிருவாங்க. அவங்கட கெட்டித்தனம் அது. அத நான் வாசிப்பு எண்டு நினைச்சன்.” கண்ணாடியைத் திரும்ப எடுத்தார். “அப்ப நீயும் மூணு மாசம் அப்பிடித்தானே நினைச்சிருந்தாய்?”

“ஓம் டீச்சர்.”

“அத ஏன் எழுதல்ல?”

வெள்ளிக்கிழமை எழுதியும் அழித்தும் எழுதிய அந்தக் கால் மணி நேரத்தில், அந்த வரி ஒரு தடவைகூட அவளுடைய விரலுக்கு வரவில்லை. பாத்தும்மாவின் வகுப்பு, பாத்தும்மாவின் பக்கம், பாத்தும்மாவின் சோதனை என்றுதான் எழுதியிருந்தாள். இவ்வளவு நாளும் பயந்தது தான் உண்மையைச் சொல்லிவிட்டதற்காக என்று நினைத்திருந்தாள். பாதியைச் சொன்னதற்காகவும் பயந்திருக்கலாம் என்பது இப்போதுதான் பட்டது.

“எனக்குப் புள்ளி வேணும் எண்டுதான் டீச்சர் எழுதினன்.”

“புள்ளி எனக்கும்தான் வேணும். கல்யாண ஊட்டில சாப்பாட்டுச் சஹன் தட்டுக்கு முன்னால இருந்துதான் ஒன்ட எழுத்த வாசிச்சன். ஒரு பிடி சோறு வாய்க்குப் போகல்ல. பக்கத்தில இருந்தவங்க என்ன, கறி உறைப்பா எண்டு கேக்கிறாங்க.” சிரிக்கவில்லை. “அந்த ரெண்டு பேரையும் நீ கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டு வா. ஒன்ட போர்ம் இஞ்ச மேசையிலதான் கிடக்கு.”

“டீச்சர், பன்னிரண்டு மணிக்கு முதல்...”

“எனக்கு மணி பார்க்கத் தெரியும்.”

அவள் வகுப்புக்கு ஓடினாள். இருபத்தெட்டுப் பேர் எழுந்து ஸலாம் சொன்னார்கள். ஏழு பேரைத் தவிர்த்து இருபத்தொரு முகங்களையும் பார்த்தாள். எல்லாம் வாசிக்கும் முகங்களாகவே தெரிந்தன. வீட்டிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பழைய பத்திரிகைத் துண்டொன்றை எடுத்தாள்; அறுகம்பேயில் மீனவர்களின் வலை கிழிந்த செய்தி. பின்வாங்கு மூலையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொருவராக விறாந்தைக்கு வந்து, உள்ளே கேட்காதபடி மெதுவாக வாசித்தார்கள். ஒன்பதரைக்கு ஒருத்தியைக் கண்டாள்: எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அமைதியான ஒரு பெண்பிள்ளை. அவளை எப்படித் தவறவிட்டோம் என்று ஆச்சரியப்படவும் நேரமில்லை. பத்தரைக்கு இருபதாவது பிள்ளையும் வாசித்து முடித்தது. வேறொருவரும் அகப்படவில்லை.

மிச்சம் இருந்தது அப்னா.

அப்னாவைச் சோதிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஒவ்வொரு காலையும் முன்னுக்கு வந்து நின்று பாடம் வாசிப்பது அப்னாதான். அவளைத் தொடர்ந்துதான் வகுப்பே வாசிக்கும். ஏழு பேருக்கும் உதவிசெய்ய நஸ்லின் இருத்தியதும் அப்னாவைத்தான். கையெழுத்து முத்து மாதிரி.

“அப்னா, இதக் கொஞ்சம் வாசிங்க மகள்.”

அப்னா தாளை வாங்கினாள். விரலை முதல் வரியில் வைத்தாள். நஸ்லினின் முகத்தைப் பார்த்தாள்.

“டீச்சர், நீங்க ஒருக்கா வாசிங்களன்.”

“நீங்க வாசிங்க.”

“நீங்க ஒருக்கா வாசிச்சா நான் சொல்லுவன் டீச்சர்.”

அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தது. வீட்டில் உம்மா முதல்நாள் இரவே அடுத்த பாடத்தை வாசித்துக் காட்டிவிடுவா. காலையில் அப்னா முன்னுக்கு நின்று சொல்வாள். அவளிடம் கேட்டு மற்ற எல்லோரும் சொல்வார்கள். நஸ்லின் தாளை வாங்கிக்கொண்டாள். அதை நான்காக மடித்தாள்.

பதினொன்று ஐந்துக்குப் பகுதித் தலைவரின் அறையில் இரண்டு பெயர்களையும் சொன்னாள். இரண்டாவது அப்னா.

“ஓம்,” என்றார் பாத்தும்மா. “அவதான். என்ட வகுப்பிலயும் குழுத் தலைவி அவதான்.”

படிவத்தை இழுத்து ஒப்பமிட்டார். திகதி போட்டார். முத்திரை குத்தினார். அதிபரிடம் கொண்டுபோகச் சொல்லி நீட்டினார். நஸ்லின் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். மூன்று வருடமாகக் காத்திருந்த தாள் அவள் கையில் இருந்தது. புள்ளி நாற்பதைத் தொடுமா என்பது கிருசிகாவின் கையில்.

“டீச்சர், அப்னாட உம்மா நாளைக்கு வாறாவாம். மாகாண வாசிப்புப் போட்டிக்குப் புள்ளய அனுப்பக் கேட்டு.”

“தெரியும். எனக்கும் கோல் எடுத்தா.”

“அவட்ட ஆர் சொல்லுற?”

பாத்தும்மா பேனையை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“நீ சொல்லு. இப்ப அப்னா ஒன்ட வகுப்பு. நான் பக்கத்தில நிக்கிறன்.”

“நீங்க சொல்லுங்க டீச்சர். ஒங்களத்தான் அவங்களுக்கு நம்பிக்கை. நான் பக்கத்தில நிக்கிறன்.”

“நாளைக்கு எத்தின மணிக்கு வாறா?”

“காலையில. பள்ளிக்கூடம் தொடங்க முதல்.”

“அப்ப நீ ஏழு மணிக்கே வா,” என்றார் பாத்தும்மா. “நானும் வாறன். ஆர் முதல்ல வாய் திறக்கிற எண்டு அப்ப பாப்பம்.”

நஸ்லின் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அதிபரின் அறைப் பக்கம் நடந்தாள். விறாந்தையின் மறுகோடியில், மூன்றாம் வகுப்பில், அவள் இல்லாத நேரத்தில் அப்னா முன்னுக்கு வந்து நின்று பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு குரல்கள் அவளுக்குப் பின்னால் ஒன்றாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன.